உதைத்த பின் கை எங்கே போகிறது

2024 ஜூலை 13, சனிக்கிழமை. காலை நான்கு ஐம்பதுக்கு எழுந்தேன். பால் காய்ச்சி, காபி கலந்து, கணவருக்கு ஒரு டம்ளரை மூடி வைத்தேன். ஐந்து பத்துக்கு மொட்டை மாடியில் கயிறு தாண்டத் தொடங்கினேன். மூன்று நிமிடம் தாண்டல், ஒரு நிமிடம் ஓய்வு, ஏழு சுற்று. ஐந்து முப்பத்தேழுக்கு முடிந்தது. குளியல், நான்கு இட்லி, ஏழு இருபதுக்கு மயிலாப்பூர் குளத்துப் பக்கம் பஸ். தியாகராய நகரில் ரத்தப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் இருபத்திரண்டு வருடங்களாக வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை அரை நாள்.

பஸ் லஸ் முனையில் குலுங்கியபோது பக்கத்தில் நின்ற பெண்ணின் செருப்புக் கால் என் பாதத்தில் பட்டது. அவள் போனில் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். சண்டையை நிறுத்தவில்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் என் முழங்கையைத் தொட்டு, தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு, விட்ட வசவிலிருந்து தொடர்ந்தாள். நானும் ஒன்றும் நினைக்கவில்லை. இந்த ஊரில் ஒருவர் மேல் கால் பட்டால் கை தானாகவே போகும். அது போவது நமக்கே தெரியாது.

இரண்டு வருடங்களாக என் பிரச்சினை அதுதான். அன்று மாலை நான்கரை மணிக்கு அதற்கு ஒரு முடிவு தெரிய வேண்டியிருந்தது.

எனக்கு நாற்பத்தேழு வயது. அடையாற்றில் ஒரு டயர் கடையின் மாடியில் முய் தாய் கற்றுக்கொள்கிறேன். தாய்லாந்துக்காரர்களின் சண்டைமுறை அது. கை முஷ்டி, முழங்கை, முழங்கால், கணைக்கால் எலும்பு, நான்காலும் அடிக்கலாம். நடைப்பயிற்சி போ என்று டாக்டர் சொன்னார்; பூங்காவைச் சுற்றிச் சுற்றி அலுத்துப்போய் ஒரு நாள் அந்த மாடிப்படி ஏறினேன். குத்துவதை ஆறு மாதத்தில் பிடித்துக்கொண்டேன். உதைப்பதும் வந்தது. ஆனால் எதிரில் நிற்பவரின் விலாவில் என் கால் பட்ட மறுகணம் என் வலது கை முகத்தைக் காக்கும் இடத்தை விட்டு இறங்கி, அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கிளம்பிவிடும். கையுறை போட்டிருந்தாலும் கிளம்பும். அந்த அரை விநாடி என் முகத்தின் வலது பாதி திறந்து கிடக்கும்.

2023 செப்டம்பரில் எங்கள் பயிற்சிக்கூடத்து மாஸ்டர் எங்களில் ஐந்து பேரைத் தாய்லாந்தில் ஒரு பயிற்சி முகாமுக்கு அழைத்துப் போனார். பதினாறு நாள். நான்காம் நாள் காலை, என்னைவிட ஒரு சாண் உயரமான வெளிநாட்டுப் பெண் ஒருத்தியோடு விட்டார்கள். அவள் இடுப்புக்கு மேல் நல்ல உதை ஒன்று விட்டேன். சத்தம் எனக்கே பிடித்திருந்தது. உடனே கை இறங்கியது. அவள் இடது கை கொக்கிபோல வளைந்து வந்ததை நான் பார்க்கவில்லை. வலது புருவம் பிளந்தது. நான்கு தையல். பாயில் விழுந்த ரத்தத்தை முகாமில் வேலை செய்த அம்மாள் ஒருத்தி துடைத்துக்கொண்டே ஏதோ சொன்னாள். சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள்.

மீதிப் பன்னிரண்டு நாளும் எனக்குச் சுற்றுலாதான். நெற்றியில் கட்டோடு ஊர் பார்த்தேன். பீங்கான் துண்டுகள் பதித்த ஆற்றங்கரைக் கோபுரத்தில் ஏறினேன். சாய்ந்து படுத்திருக்கும் பெரிய புத்தரைப் பார்க்கப் போனபோது கூட்டம் அவர் முகத்தின் பக்கம் இல்லை, பாதத்தின் பக்கம் இருந்தது. உள்ளங்கால் முழுக்கச் சிப்பி இழைத்திருந்தார்கள். நான் கால் நீட்டி உட்கார்ந்ததும் காவலாளி ஓடிவந்து மடக்கச் சொன்னார். அங்கேயும் கால் என்றால் தாழ்ந்ததுதான். பழைய தலைநகரின் இடிபாடுகளில் தலை வெட்டப்பட்ட புத்தர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாக் கழுத்துகளும் ஒரே மட்டத்தில் இருந்தன.

காலைத் தாழ்வாக நினைக்கும் இவர்கள் எப்படி நாள் முழுக்க உதைத்துக்கொள்கிறார்கள் என்று முகாமின் மூத்த பயிற்சியாளரிடம் கேட்டேன். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது இருபது ஆங்கிலச் சொற்கள். மன்னிப்பு முதலில், பிறகு இல்லை என்றார். சண்டைக்கு முன் மேடையைச் சுற்றி வந்து விழுந்து கும்பிடுகிறார்களே, அதோடு கணக்குத் தீர்ந்தது. எனக்குப் புரிந்தது. என் கைக்குப் புரியவில்லை.

இந்த ஜூலையில் மறுபடி போவதாக ஏற்பாடு. இருபத்தொன்றாம் தேதி விமானம். எனக்குத் திரும்பிப் போய் அந்தப் பன்னிரண்டு நாளை எடுத்துக்கொள்ள வேண்டும். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. ஆனால் மாஸ்டர் ஜூன் மாதமே சொல்லிவிட்டார். சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தவர், எதையும் சுற்றி வளைக்கமாட்டார்.

"மேடம், அந்த கேம்ப் ஓனரு இன்னா சொன்னான் தெரியுமா? அந்தம்மாவ இட்டாராத, கண்ணு பூடும்ன்றான். நான் உங்க ஊட்டுக்காரருக்கு இன்னா பதில் சொல்வேன்? ஜூலை பதிமூணாந்தேதி மூணு ரவுண்டு போடுங்க. ஒதச்சிட்டு ஒரே ஒரு வாட்டி கை கீழ எறங்குச்சு, நீங்க வரல. அவ்ளோதான்."

மூன்று சுற்றும் என் பார்ட்னரோடு. எங்கள் கூடத்தில் ஆளுக்கு ஒரு பார்ட்னர் உண்டு. எனக்கு வாய்த்தவள் ஊரூர் ஒல்காட் குப்பத்துக்காரி. முப்பத்து நான்கு வயது. காலையில் கடற்கரைச் சாலையில் மீன் விற்பாள், மாலையில் எங்களையெல்லாம் அடிப்பாள். போன தடவை பாஸ்போர்ட் இல்லாததால் அவள் வரவில்லை. இந்தத் தடவை அவளுக்கு அங்கே மேடையில் ஒரு போட்டியே பேசி முடித்திருந்தார் மாஸ்டர். ஆகஸ்ட் மூன்றாம் தேதி. எதிராளி இருபத்தாறு வயது தாய்லாந்துப் பெண். அவள் முழங்கையால் ஒருத்தியின் நெற்றியைக் கிழிக்கும் வீடியோவை என் பார்ட்னர் மீன் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள்.

என் கையைத் திருத்தியவளும் அவள்தான். பத்து மாதம், செவ்வாயும் வியாழனும், மாலை ஐந்தரைக்குக் குப்பத்து மணலில், கட்டுமரங்களுக்குப் பின்னால். அவள் ஒரு துண்டைக் கடல் தண்ணீரில் நனைத்து முறுக்கி வைத்துக்கொள்வாள். நான் உதைக்க வேண்டும். கை இறங்கினால் காதோடு சேர்த்து ஒரு வீச்சு. முதல் நாள் முப்பத்தொரு வீச்சு. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால் காது பீட்ரூட் நிறத்தில் இருந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்த ஆண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"இன்னா மேடம், இன்னிக்கும் பெயிலா?"

"நல்லா வாங்கு தாயி. ரத்தம் எடுக்கும்போது எனுக்குக் குத்தின ஊசிக்கு இது."

அவள் அவர்கள் பக்கம் திரும்பாமலே பதில் சொல்வாள். "உனுக்கு ஒண்ணு வோணுமா? வா, வந்து நில்லு." யாரும் வரவில்லை.

என்னிடம் கேட்பாள்: "அக்கா, ஒதச்சிட்டு இன்னாத்துக்குக் கண்ணுல ஒத்திக்கிற? நான் இன்னா சாமியா?"

"தானா வருதும்மா."

"எனுக்கும்தான் சின்னப் புள்ளையில வந்துச்சு. பாவம் பாத்தா மீனு வெட்ட முடியுமா?"

ஏப்ரல் வரை துண்டால் பெரிய பயன் இல்லை. வீச்சுகள் பதினைந்துக்குக் கீழே இறங்கவில்லை. ஒரு வியாழக்கிழமை துண்டைத் தூக்கி மணலில் எறிந்தாள். "அது எறங்கத்தான் எறங்கும், வுடு. எறங்கற கைய நிறுத்தாத. அனுப்பு. உன் கண்ணுல ஒத்திக்கப் போவுதுல்ல, அத்த அவ கண்ணுல குத்து."

இதுதான் வேலை செய்தது. உதைத்த கால் தரைக்குத் திரும்பும்போதே வலது கை நேராக முன்னால் போக வேண்டும். தொடப் போகிற அதே கை, அதே வேகம், திசை மட்டும் வேறு. நாளுக்கு இருநூறு தடவை. மே கடைசியில் என் கையும் அதை நம்பிவிட்டது.

அன்று பிற்பகல் ஒன்றரைக்கு வேலை முடிந்தது. தயிர்சாதம் கொண்டுபோயிருந்தேன், பாதிதான் சாப்பிட்டேன். மூன்று ஐம்பதுக்கு அடையாறு. டயர் கடையில் ரப்பர் காய்ச்சும் நெடி படிக்கட்டு வரை இருந்தது. பார்ட்னர் ஏற்கெனவே கையில் துணிப்பட்டி சுற்றிக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் செதில் ஒன்று ஒட்டியிருந்தது.

"அக்கா, நான் சும்மா தட்டிக்குடுப்பேன்னு நெனச்சிக்காத. மாஸ்டர் பாத்துக்கினு கீறாரு."

"தட்டிக்குடுன்னு நான் கேக்கவே இல்லையே."

"கேட்டாலும் கெடையாது."

முகாமில் போலவே இங்கேயும் தலைக்கவசம் வேண்டாம் என்றார் மாஸ்டர். பல்லுறையும் கணைக்கால் உறையும் மட்டும். இரண்டு நிமிடச் சுற்று மூன்று.

முதல் சுற்றில் அவள் என் இடது தொடையில் ஆறு உதை விட்டாள். எண்ணினேன். நான்காவதுக்குப் பிறகு அந்தக் கால் என்னுடையதாக இல்லை. ஒரு குத்து மூக்கில் நேராக இறங்கியது; கண்ணில் நீர் நிறைந்து, ரத்தம் மேலுதட்டில் சூடாக வந்தது. நான் இரண்டே உதை விட்டேன். இரண்டு தடவையும் கை முன்னால் போனது, அவள் அதைத் தட்டிவிட்டாள்.

இரண்டாம் சுற்றில் என்னை வீழ்த்தினாள். விலாவுக்குக் கீழே முழங்கால். மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. பாயில் கன்னத்தை வைத்துக்கொண்டு, மாஸ்டர் எண்ணுவதைக் கேட்டேன். ஏழில் எழுந்தேன். எழுந்ததும் அவள் ஓடிவந்து அடித்தாள். அந்தச் சுற்றில் என் நான்கு உதைகள். மூன்றாவதில் கை ஓர் அங்குலம் கீழே போய்விட்டு முன்னால் போனது. மாஸ்டரைப் பார்த்தேன். அவர் ஒரு விரலை உயர்த்தி ஆட்டினார். எச்சரிக்கை.

இடைவேளையில் தண்ணீர் கொப்பளித்துத் துப்பினேன். வாளியில் சிவப்பாக இருந்தது. எதிர்மூலையிலிருந்து அவள் கத்தினாள், பல்லுறையோடு: "கையி! கையி!" என்னை அடிப்பவளும் அவளே, எனக்குச் சொல்லித்தருபவளும் அவளே.

மூன்றாம் சுற்றில் அவள் களைத்திருந்தாள். காலை மூன்று மணிக்கு எழுந்த பெண். எனக்கு அது தெரியும், தெரிந்தே காத்திருந்தேன் என்றும் எழுதிவைக்க வேண்டும். முடிய அரை நிமிடம் இருக்கையில் அவள் இடது முழங்கை உடம்பை விட்டு விலகியது. வலது காலை முழு இடுப்போடு சுழற்றி விலாவில் விட்டேன். இத்தனை நாளில் அப்படி ஓர் உதை என் காலிலிருந்து போனதில்லை. அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இடது கை தானாக இறங்கி விலாவைப் பிடித்தது. தலை முன்னால் சாய்ந்தது. முகம் திறந்திருந்தது.

நிறுத்தியிருக்கலாம். உதை பட்டதும் அவள் நிலைகுலைந்ததை என் கண் பார்த்தது. ஆனால் கைக்கு யாரும் நிறுத்தச் சொல்லிக் கொடுக்கவில்லை. கால் தரையைத் தொட்டது, கை போனது. அவள் சாய்ந்து வந்த வேகமும் என் கை போன வேகமும் அவள் இடது கன்னத்தில் சேர்ந்தன. கையுறைக்குள் என் முஷ்டியில் ஏதோ நசுங்கியது தெரிந்தது. பச்சை வெண்டைக்காயை ஒடிப்பது போன்ற சத்தம். அவள் பக்கவாட்டில் விழுந்து, தலை பாயில் ஒரு தடவை எகிறி அடங்கியது.

அந்த நொடியில் எனக்கு வந்தது சந்தோஷம். வேறு சொல் போட்டு எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. உடம்பு முழுக்க ஒரு குளிர்ந்த சந்தோஷம். இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்த அடிக்குத் தயாராக நின்றிருந்தேன். மாஸ்டர் எனக்கும் அவளுக்கும் இடையில் பாய்ந்து என் மார்பில் கை வைத்துத் தள்ளினார். "போதும்! மேடம், போதும்!" அப்போதும் என் கை இறங்கவில்லை.

அவள் பல்லுறையைத் துப்பினாள். இடது கண் அதற்குள் மூடத் தொடங்கியிருந்தது. "இன்னா... பாஸா?" என்று மாஸ்டரிடம் கேட்டாள்.

"பாஸு," என்றார் மாஸ்டர். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

ஆட்டோவில் நாங்கள் மூன்று பேர். பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனைக்கு ஐந்து பத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். எக்ஸ்ரே, பிறகு ஸ்கேன். கன்னத்து எலும்பில் விரிசல். இளம் டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். நான் தினமும் பார்க்கும் அறிக்கைகளில் எழுத்தும் எண்ணும்தான் இருக்கும். இதில் என் அடி ஒரு மெல்லிய கோடாக இருந்தது. ஆறு வாரம் முகத்தில் ஒரு விரல்கூடப் படக் கூடாது, பலமாக மூக்குச் சிந்தக் கூடாது, விமானம் ஏறக் கூடாது என்றார் டாக்டர். கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் அவள் நல்ல கண்ணையும் மூடிக்கொண்டாள்.

ஆறே முக்காலுக்கு அவள் கணவர் வந்தார். மீன்பிடிக்கப் போகிறவர். லுங்கியோடு அப்படியே வந்திருந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னா மேடம், நாலு வாட்டி எங்க ஊட்டாண்ட வந்து டீ குட்ச்சீங்க. அதுக்கு இதுவா?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே சொன்னாள். "யோவ், கம்முனு இரு. நான் சொல்லிக்குடுத்ததத்தான் அது பண்ணிச்சி. மத்தவ கண்ணுல குத்துன்னேன். அந்த மத்தவ நானாப் பூட்டேன்." சிரிக்கப் பார்த்தாள், வலித்தது, நிறுத்திக்கொண்டாள்.

"ஊர்ல எல்லாத்தாண்டயும் ஃபாரின் போறேன்னு சொல்லிக்கினு திரிஞ்சியே," என்றார் அவர்.

"நீ ஏன் இப்ப அத்த சொல்ற?"

அவர் தேநீர் வாங்கப் போனார். மாஸ்டர் கட்டில் கால்மாட்டில் நின்று போனைத் தடவிக்கொண்டிருந்தார். முகாமுக்குச் சேதி அனுப்ப வேண்டும், போட்டியை ரத்து செய்ய வேண்டும் என்றார். நான் கட்டில் பக்கம் போனேன். போர்வைக்கு வெளியே அவள் கை இருந்தது. என் வலது கை அதைத் தொடப் போனது, பிறகு என் கண்ணுக்கு வருவதற்காக.

"எறக்காத," என்றாள். அறைந்தமாதிரி இருந்தது. "இத்தினி மாசம் எதுக்குடி அடிச்சேன் உன்ன?" அக்கா என்று கூப்பிடுகிறவள் முதல் தடவையாக டி போட்டாள். அது எனக்குச் சரியாகவே பட்டது.

"நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டேன்.

"என் மேட்ச நீ ஆடு."

மாஸ்டர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். "ஏய், இன்னா பேசற? மேடத்துக்கு நாப்பத்தேழு."

"அவனுங்க வயசு கேக்க மாட்டானுங்க மாஸ்டர். எடதான் கேப்பானுங்க. அம்பத்தாறு கிலோ. அதுக்குள்ள நின்னா ஏத்துவானுங்க. நீதான சொன்ன?"

"சொன்னேன்தான்," என்றார் அவர்.

"அந்தப் பொண்ணு முழங்கையில கிழிக்கிறா," என்றேன். "வீடியோவுல நானும்தான் பார்த்தேன்."

"பாத்தல்ல? அப்ப கைய மேல வெச்சிக்க." ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்தாள். "என் எடத்த எட்த்துக்கினு போய் கோயிலு குளம்னு சுத்திட்டு வந்தன்னு வெய்யி, குப்பத்துப் பக்கம் தல காட்டாத. போனா ஏறணும். ஏற மாட்டன்னா போவாத. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"நாளைக்குச் சொல்றேன்."

"காலையில சொல்லு. மாஸ்டர் அங்க சேதி அனுப்பணும்."

எட்டு பத்துக்கு வீட்டுக்கு வந்தேன். தொடை வீங்கி, பேன்ட்டைக் கழற்றவே பத்து நிமிடம் ஆனது. கணவர் ஃபிரிட்ஜிலிருந்து பட்டாணிப் பாக்கெட்டை எடுத்து வந்து தொடைமேல் வைத்தார். நடந்ததை ஒழுங்கு மாறாமல் சொன்னேன். உதையை, குத்தை, சத்தத்தை. சந்தோஷத்தையும் சொன்னேன்.

"கடலூருக்குப் போனாலே தலைவலின்னு படுப்ப நீ," என்றார். "அந்தத் தாய்லாந்துப் பொண்ணுக்கு என்ன வயசு?"

"இருபத்தாறு."

"நம்ம பொண்ணைவிட நாலு வயசுதான் பெரியவ." பட்டாணிப் பாக்கெட்டைத் திருப்பி வைத்தார். "உன்னால அவளை அடிக்க முடியுமா?"

"தெரியலை. அவளால என்னை அடிக்க முடியும்."

"இன்னிக்கு அடிச்சது தற்செயலா?"

யோசித்தேன். அவள் களைக்கும் வரை காத்திருந்ததைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. முழங்கை விலகியதைப் பார்த்துத்தான் உதைத்தேன். கை மட்டும் தானாகப் போனது. அது தானாகப் போவதற்குத்தான் நான் பத்து மாதம் அடி வாங்கினேன். "இல்லை," என்றேன்.

அவர் விளக்கை அணைக்கும் முன் ஒன்று கேட்டார். "போகாம இருந்தா என்ன ஆகும்?" ஒன்றும் ஆகாது. அவள் கன்னம் ஆறு வாரத்தில் ஆறும். நானும் திங்கட்கிழமை வழக்கம்போல ரத்தக் குழாய்களில் பெயர் சரிபார்ப்பேன். ஆனால் அந்த அடிக்கு எதிர்ப்பக்கம் எதுவும் இல்லாமல் போய்விடும். கொடுத்தது மட்டும் இருக்கும். இதை அவரிடம் சொல்லவில்லை, நோட்டில் எழுதிவிட்டுப் படுத்தேன்.

ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. காலை நான்கு ஐம்பதுக்கு எழுந்து, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல், முதல் வேலையாகக் குளியலறையில் இருந்த எடை பார்க்கும் கருவியை இழுத்துச் சமமான தரையில் வைத்து, வீங்கிய காலை முதலில் வைத்து ஏறினேன். ஐம்பத்தெட்டு கிலோ அறுநூறு கிராம். இன்னும் இரண்டு கிலோ அறுநூறு கிராம் இறங்க வேண்டும்.